வாட்ஸ்அப் பிசினஸ்: ஆரி பிளவுஸ் போடுபவர்களின் சுமையை எவ்வளவு குறைக்கும்?

முகூர்த்த மாதங்களில் வீட்டிலிருந்து ஆரி பிளவுஸ் (கொக்கி ஊசியால் பூவேலை செய்த பிளவுஸ்) போட்டுக் கொடுப்பவர்களை மூச்சுமுட்ட வைப்பதில் பெரும்பங்கு போனுக்கு உண்டு. விலை கேட்டு ஒருவர், டிசைனை மாற்றச் சொல்லி வாய்ஸ் நோட்டில் ஒருவர், அட்வான்ஸ் போட்ட ஸ்கிரீன்ஷாட்டோடு இன்னொருவர் என்று எல்லாரும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். பாதியில் எழுந்து பதில் சொல்லவும் முடியாது. முடிச்சு போடாமல் ஊசியை எடுத்தால் சங்கிலித் தையல் உருவிக்கொண்டு வந்துவிடும்.

2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். வீட்டு வாட்ஸ்அப் இருக்கும் அதே போனில் வேறு எண்ணில் போட்டுக்கொள்ளலாம். இதற்காக இரண்டாவது சிம் வாங்குவது வீண்செலவே இல்லை. வருகிற பேச்சை இது நன்றாக ஒழுங்குபடுத்தும். ஆனால் எத்தனை ஆர்டர் எடுக்கலாம் என்பதை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இதில் உண்மையான பலம், சாட்டுகளைப் பிரித்து அடையாளம் காட்ட ஒட்டும் லேபிள்தான். புதிய ஆர்டர், பணம் பாக்கி என்பதுபோல் ஐந்து லேபிள்கள் தயாராகவே வரும். அவை கடைச் சரக்கு விற்பவர்களுக்குப் பொருந்துபவை. பெயரை மாற்றி, நம் வேலை நகரும் வரிசையில் வையுங்கள்: விசாரிப்பு, அட்வான்ஸ் வந்தது, அளவு பிளவுஸ் வந்தது, ட்ரேசிங் (டிசைனைத் துணியில் வரைவது) முடிந்தது, கட்டிலில் (துணியை இழுத்துக் கட்டி ஆரி போடும் சட்டம்), தையலில், பாக்கிப் பணம். மொத்தம் இருபது வரை வைக்க முடியும் என்றாலும் ஏழெட்டைத் தாண்டினால் யாரும் ஒழுங்காகப் போடுவதில்லை. அட்வான்ஸும் அளவு பிளவுஸும் வந்து சேராத எதையும் 'ஆர்டர்' என்று எண்ணவேண்டாம். பாதி மன அழுத்தம் உறுதியாகாத விசாரிப்புகளைத் தலையில் சுமப்பதால் வருவது.

சிக்கல் எங்கே வரும்? ஒரு சாட்டுக்கு எத்தனை லேபிள் வேண்டுமானாலும் ஒட்டும், பழையது தானாகப் போகாது. புதியதைப் போடும்போதே பழையதை எடுக்காவிட்டால், இரண்டு வாரத்தில் ஒரே பிளவுஸ் 'ட்ரேசிங்'கிலும் 'தையலி'லும் சேர்ந்து நிற்கும். அடுத்த குறை, லேபிளில் தேதி கிடையாது. இதற்கு ஒரு வழி உண்டு. வாடிக்கையாளரின் எண்ணைச் சேமிக்கும்போது பெயருக்கு முன்னால் கொடுக்கவேண்டிய தேதியை, மாதம் முதலில் வருமாறு எழுதுங்கள்: '09-05', பிறகு பெயர். சாட்டைத் திறந்தாலே தேதி கண்ணில் படும். அது முகூர்த்தத் தேதியாக இருக்கக் கூடாது. போட்டுப்பார்த்துப் பிரித்துத் தைக்க ஒரு வாரம் முன்னால் வையுங்கள்.

அடுத்துப் பயனுள்ளது விரைவுப் பதில். ஐம்பது வரை சேமிக்கலாம். சாய்கோட்டை (/) தட்டி, குறுக்குச் சொல்லை அடித்தால் முழுப் பதிலும் வந்து நிற்கும். 'ரேட் சொல்லுங்க' என்று மட்டும் வரும் மெசேஜுக்கு விலை சொல்லாமல் இப்படி அனுப்புங்கள்: "வணக்கம். விசேஷம் என்றைக்கு, புடவை பிளவுஸ் போட்டோ, கை நீளம், பட்ஜெட் இந்த நாலும் அனுப்புங்க. பார்த்துட்டு விலையும் தேதியும் சொல்றோம்." வெறுமனே விலை விசாரிப்பவர்கள் இதற்குப் பதில் போடமாட்டார்கள். அந்த வடிகட்டலே பெரிய நிம்மதி. டிசைன் உறுதியானதும் அனுப்ப இன்னொன்று தேவை: "ட்ரேசிங் போட்டபிறகு டிசைன் மாற்ற இயலாது." உறுதி செய்த படத்துக்கு நட்சத்திரக் குறி போட்டு வைத்தால் பிற்பாடு தகராறு வராது. வாய்ஸ் நோட்டில் சொன்ன மாற்றத்தை எழுத்தில் திருப்பி அனுப்பி 'சரி' வாங்குங்கள். எந்தக் கையில் எந்த மோட்டிஃப் என்று கேட்டுத் தேடுகிற வேலை மிச்சம்.

வெளியில் இருக்கும் நேரத்துக்கான தானியங்கிப் பதிலை நேரம் குறித்து வைக்கலாம், யாருக்குப் போகவேண்டும் என்றும் தேர்ந்தெடுக்கலாம். 'பிஸியாக இருக்கிறோம்' என்பது போதாது. "மாலை 5 முதல் 6 வரை பதில் தருவோம்" என்று நேரம் சொன்னால்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடமாட்டார்கள். போன் இணையத்தில் இருந்தால்தான் இது போகும். இரவில் டேட்டாவை அணைப்பவர்களுக்கு இது வேலை செய்யாது. அறிவிப்பு ஒலியை மட்டும் நிறுத்துங்கள்.

கேட்டலாக் என்ற படப் பட்டியல், ஆளுக்கேற்பச் செய்யும் வேலைக்குச் சுமார்தான். 500 பொருள் வரை ஏற்றலாம். ஏற்றினால் 'இதே கலர், இதே கல்' என்று அடம் பிடிப்பார்கள். சிம்பிள், மீடியம், ஹெவி என்று பிரித்து, நீங்களே போட்ட பிளவுஸ்களில் பத்துப் பன்னிரண்டு படமும் ஆரம்ப விலையும் போதும். பட்டியலில் இருந்து பொருளைத் தேர்ந்து கூடையில் சேர்க்கும் கார்ட் வசதியை அமைப்பில் அணைத்துவிடுங்கள்.

இனி, செயலியால் ஆகாதது. ஹெவி பிளவுஸ் ஒன்றுக்கு 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 6 மணி நேரம் உட்காரமுடியும் என்று வைத்துக்கொண்டால், அதுவே ஐந்து நாள். ஆறு நாள் வாரத்தில் மிஞ்சுவது ஒரு நாள், அதில் ஒரு சிம்பிள் பிளவுஸ்தான் நுழையும். இந்தக் கணக்கைச் சுவரில் மாட்டிய மாதக் காலண்டரில் பென்சிலால் எழுதுங்கள். விரைவுப் பதிலில் 'அடுத்து எடுக்கும் தேதி' என்று ஒரு வரி சேர்த்து, வாரம் நிறைந்ததும் அதை மாற்றிவிடுங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மறுப்புச் சொல்லும் சங்கடம் இருக்காது.

பேக்கப் விஷயத்திலும் கவனம் தேவை. ஆண்ட்ராய்டில் அது கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்திலேயே கணக்காகிறது. டிசைன் படங்களும் வீடியோவும் சேர்ந்தால் சீக்கிரம் நிரம்பி, பேக்கப் நின்றுபோகும். முடிந்த ஆர்டர்களின் வீடியோக்களை மாதம் ஒருமுறை நீக்குங்கள்.

இவ்வளவையும் அமைக்க ஒரு மதியப் பொழுது போதும். சீசன் நடுவில் தொடங்கினால் பழைய சாட்டுகளுக்கு லேபிள் ஒட்டவே நேரம் போய்விடும். கல்யாணம் இல்லாத ஆடியில் செய்துவைத்தால், ஆவணி முகூர்த்த விசாரிப்புகள் வரும்போது எல்லாம் தயாராக இருக்கும்.