யர்ட் விருந்து: ஸ்கீயா, ஸ்னோஷூவா, வண்டியா?

அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் சில உணவகங்களுக்குக் குளிர்காலத்தில் கார் போகாது. சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, காலில் ஸ்கீ என்ற சறுக்குப் பலகையோ, பனியில் புதையாமல் நடக்க உதவும் அகலமான ஸ்னோஷூவோ மாட்டிக்கொண்டு, காட்டுக்குள் ஒரு மைல், ஒன்றரை மைல் பனியில் நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் வட்டமான கூடாரம், உள்ளே விறகு அடுப்பு, மேசை விரிப்பு, ஒயின் கிளாஸ், நாலைந்து சுற்றுச் சாப்பாடு. மத்திய ஆசிய மேய்ச்சல்காரர்களின் யர்ட் வீடுதான். கம்பளிக்குப் பதில் வினைல் பூசிய துணியைப் போர்த்திக்கொண்டு இங்கே வந்து நிற்கிறது.

எந்த யர்ட்டுக்குப் போகலாம் என்று தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது மெனுவை. நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். மலையேறிப் பசியோடு வருகிறவருக்கு எதை வைத்தாலும் ருசிக்கும். அது சமையல்காரருக்கும் தெரியும். இடத்துக்கு இடம் உண்மையில் மாறுவது திரும்பி வரும் வழிதான். இரவு ஒன்பது மணி, வயிறு நிறைய சாப்பாடு, கூடவே ஒன்றிரண்டு கிளாஸ் ஒயின், வெளியே மைனஸ் பத்து பதினைந்து டிகிரி. அந்த நிலையில் எதை மாட்டிக்கொண்டு இறங்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஸ்கீயா, ஸ்னோஷூவா?

ஏறும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இங்கே பயன்படுவது சமவெளி ஓட்டத்துக்கான ஒல்லியான ஸ்கீ. முன்பாதம் மட்டும் பூட்டியிருக்கும், குதிகால் தூக்க வரும். அடிப்பக்கத்தில் மீன் செதில் மாதிரி வெட்டு இருப்பதால் பின்னால் வழுக்காது. சரிவு கூடினால் முனைகளை விரித்து, கால்களை அகட்டி அகட்டி ஏற வேண்டும். புதியவருக்கு அந்த இடத்தில் மூச்சு வாங்கும். ஸ்னோஷூவுக்குப் பயிற்சியே தேவையில்லை. நடக்கத் தெரிந்தால் போதும், அடியில் இருக்கும் பற்கள் பனியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மைல் ஏற முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பழக்கமில்லாதவர் இதில் ஏறினாலும் அதில் ஏறினாலும் அவ்வளவுதான் ஆகும்.

இறங்கும்போதுதான் கதை மாறுகிறது. இந்த ஒல்லி ஸ்கீ பலவற்றுக்கு ஓரத்தில் உலோக விளிம்பு கிடையாது. பகலில் வெயில் பட்டு இளகிய தடம் இரவில் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பின்பக்கங்களை அகட்டி ஆப்பு போலப் பிடித்து வேகத்தைக் குறைக்கப் பார்த்தால், பிடிக்க அங்கே எதுவும் இருக்காது. போதாததற்கு நெற்றி விளக்கு. வெளிச்சம் கண் மட்டத்திலிருந்தே போவதால் தடத்தில் உள்ள மேடு பள்ளங்களின் நிழல் நம் கண்ணுக்குப் படாது. எல்லாம் ஒரே வெள்ளையாகத் தட்டையாகத் தெரியும், கால்தான் பள்ளத்தைக் கண்டுபிடிக்கும். விளக்கைக் கழற்றி இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டால் நிழல் விழும், தரை புரியும். சின்ன தந்திரம், ஆனால் நன்றாகவே வேலை செய்கிறது.

ஸ்கீக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஏறி வந்த ஸ்கீயை வாசலில் பனியில் குத்தி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் சாப்பிடப் போகிறோம். பூட்ஸின் முன்முனையில் ஒரு சின்னக் கம்பி இருக்கும், அது ஸ்கீயின் பிடிப்பில் போய் டிக்கென்று உட்கார வேண்டும். பூட்ஸ் அடுப்புச் சூட்டில் நனைந்திருக்கும், பிடிப்புக்குள் பனி உறைந்திருக்கும், கம்பி உட்காராது. கைத்தடியின் கூர்முனையால் சுரண்டி, தட்டி, மறுபடி மிதித்து என்று எல்லாரும் வாசலில் குனிந்து நிற்பார்கள். வரும்போதே பிடிப்பைச் சுத்தம் செய்து, பனி படாத இடத்தில் சாய்த்து வைத்தால் இந்தக் கூத்து பாதி குறையும். ஸ்னோஷூவில் இது கிட்டத்தட்ட இல்லை. சொந்த பூட்ஸின் மேல் வாரைக் கட்டினால் வேலை முடிந்தது; சாப்பிடும்போதும் அதே பூட்ஸ்தான்.

இவ்வளவு சொன்னாலும், ஸ்கீ தெரிந்தவருக்கு அந்த இறக்கத்துக்கு ஈடு கிடையாது. முக்கால் மணி நேரம் ஏறிய வழியைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வழுக்கி முடிக்கலாம். அவர்களுக்கு இனிப்புச் சுற்றே அதுதான். ஸ்னோஷூக்காரர் அதே வழியை அதே நிதானத்தில், காலை அகட்டி அகட்டி, கரக் கரக் என்ற சத்தத்தோடு நடந்து தீர்க்க வேண்டும். கூட வருகிறவரோடு பேசவும் முடியாது, சத்தம் விடாது. என் முடிவு இது: நீல அடையாளம் போட்ட நடுத்தரச் சரிவில் பகலில் விழாமல் இறங்கத் தெரிந்தால் மட்டும் ஸ்கீ. மற்ற எல்லாருக்கும் ஸ்னோஷூ. அன்றைக்குத்தான் ஸ்கீ கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால் வேறு நாள் பாருங்கள். ஸ்னோஷூவில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடத்தில் இணையாக ஓடும் இரண்டு பள்ளக் கோடுகள் ஸ்கீக்காரர்களுக்காக இயந்திரம் வெட்டியவை. அதன் மேல் மிதித்துக்கொண்டு போகாதீர்கள், ஓரமாக நடங்கள்.

எதில் போனாலும் வியர்வை பொது எதிரி. மேலே சேரும்போது பனியன் நனைந்திருந்தால், அடுப்புக்குத் தள்ளி உட்கார இடம் கிடைத்தவர் பாடு திண்டாட்டம். யர்ட்டுக்குள் சூடு ஒரே சீராக இருக்காது. அடுப்பருகே சட்டையைக் கழற்றத் தோன்றும், சுவரோரப் பின்னல் சட்டத்தின் பக்கம் முதுகு சில்லிடும். புறப்படும்போதே கொஞ்சம் குளிரும்படி உடுத்திக்கொண்டு, பையில் ஒரு காய்ந்த பனியனும் காலுறையும் வைத்துக்கொள்வது உத்தமம். நெற்றி விளக்கைச் சாப்பிடும் நேரத்தில் உள்பையில் வைத்திருங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

இனி இடங்கள்

கொலராடோவில் லெட்வில் ஊருக்கு அருகே டென்னஸி பாஸ் குக்ஹவுஸ். இந்த வகையில் முதலில் யாரும் சொல்லும் பெயர் இதுதான், காரணமும் இருக்கிறது. யர்ட் நிற்கும் உயரம் 10,800 அடி, அதாவது 3,290 மீட்டர். கூப்பர் ஸ்கீ மலை அடிவாரத்தில் உள்ள நார்டிக் மையத்திலிருந்து (ஒல்லி ஸ்கீக்காரர்களுக்கான இடம்) சுமார் ஒரு மைல் ஏற்றம். நாலு சுற்றுச் சாப்பாடு. முக்கிய உணவு என்ன வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். சாலையில்லாத இடத்துக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்? எல்க் மான் கறிக்குப் பேர்போன இடம். சைவம் வேண்டும் என்றால் மேசையில் உட்கார்ந்து சொல்லிப் பயனில்லை, பதிவிலேயே சொல்ல வேண்டும்.

இந்த மலைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1942-இல் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கேம்ப் ஹேல் என்ற ராணுவ முகாம் எழுந்தது. பத்தாவது மலைப் படைப்பிரிவு வீரர்கள் ஸ்கீ ஓட்டப் பழகியது கூப்பர் மலையில்தான். அவர்கள் சுமந்த மூட்டையோடு ஒப்பிட்டால் நம்முடைய ஒரு மைல் ஒன்றுமே இல்லை.

ஆனால் உயரம் விளையாட்டில்லை. கடல் மட்டத்து ஊரிலிருந்து அன்று காலை விமானம் ஏறி வந்து அன்றிரவே 10,800 அடியில் ஏறினால், தலைவலியும் குமட்டலும் வர நிறைய வாய்ப்பு உண்டு. லெட்வில் ஊரே 10,000 அடிக்கு மேல் இருப்பதால், அங்கே தங்கினாலும் உடம்புக்கு ஓய்வில்லை. இரண்டு மூன்று நாள் தள்ளிப் பதிவு செய்யுங்கள். ஒயினையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். மது தோலுக்குக் கீழே ரத்த ஓட்டத்தைக் கூட்டி, சூடாக இருப்பது போலக் காட்டிக்கொண்டே உடம்புச் சூட்டை வெளியே விட்டுவிடும். இறங்கும் வழியில் அது வேண்டாத வேலை.

இந்த இடத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பது வேறொரு காரணத்துக்காக. அருகிலேயே தூங்குவதற்கான யர்ட்களும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் படுக்கை, இறக்கம் மறுநாள் காலை வெளிச்சத்தில். ஸ்கீ அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

யூட்டாவில் பிக் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் உள்ள சாலிட்யூட் ஸ்கீ மையத்தின் யர்ட் வேறு ரகம். இங்கே ஸ்னோஷூதான். வழிகாட்டியோடு எல்லாரும் ஒரே கூட்டமாகக் காட்டுக்குள் முக்கால் மைல் போல நடக்க வேண்டும். சின்னக் கூட்டம், சமையல்காரர் கண்ணெதிரே சமைத்துப் பரிமாறுகிறார். அடிவாரம் 8,000 அடிதான், டென்னஸி பாஸைவிட மூச்சுக்குச் சுலபம். வழி தவறும் பயமில்லை, திரும்பும்போது பின்தங்குகிறவருக்குத் துணை உண்டு. குறை என்று பார்த்தால், நம் இஷ்டத்துக்கு நேரம் எடுத்துக்கொள்ள முடியாது, கூட்டம் கிளம்பும்போது கிளம்ப வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் பேசிக்கொண்டு சாப்பிடப் பிடிக்காதவருக்கு இந்த இடம் ஒத்துவராது. ஆனாலும் முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது சாலிட்யூட் யர்ட்டைத்தான்.

மறுபடி கொலராடோ. கிரெஸ்டட் பியூட் ஊரின் நார்டிக் மையம் மேஜிக் மெடோஸ் யர்ட்டில் விருந்து வைக்கிறது. பாதை பெரும்பாலும் மென்மையானது, இயந்திரம் சீராக்கிய தடம். ஸ்கீயில் போக ஆசை இருந்தும் இறக்கத்துக்குப் பயப்படுகிறவருக்குப் பொருத்தம். பருவத்தில் குறிப்பிட்ட சில மாலைகளில்தான் நடக்கும், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அதே மாநிலத்தில், பணக்காரர்களின் ஸ்கீ ஊரான ஆஸ்பென் அருகே உள்ள பைன் கிரீக் குக்ஹவுஸ் யர்ட் அல்ல, மரக்கட்டை வீடு. ஆனாலும் இந்தப் பட்டியலில் அதை விட முடியாது. காசில் கிரீக் சாலையில் குளிர்காலத்தில் ஆஷ்கிராஃப்ட் வரைதான் பனி அகற்றுவார்கள். 1880-களில் வெள்ளிச் சுரங்கத்தால் வளர்ந்து பின்னர் ஆளில்லாமல் போன ஊர் அது. அங்கிருந்து ஒன்றரை மைல். ஸ்கீ, ஸ்னோஷூ, இல்லையென்றால் குதிரை பூட்டிய பனி வண்டி. தாத்தா பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் குடும்பம் பாதி வண்டியிலும் பாதி காலிலும் போய் ஒரே மேசையில் சேர முடிகிற இடம் இது. மதியச் சாப்பாடும் உண்டு. இருட்டே வேண்டாம் என்கிறவருக்கு அந்த ஒன்று போதும், மற்ற எல்லாவற்றையும் ஓரம்கட்டிவிடலாம். செலவு? ஆஸ்பென் என்ற பெயருக்கு ஏற்ப இருக்கும்.

மொன்டானாவின் பிக் ஸ்கை பக்கம் இருக்கும் மொன்டானா டின்னர் யர்ட்டுக்கு நடக்கவே வேண்டாம். சங்கிலிப் பட்டை வைத்த ஸ்னோகேட் வண்டி ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடும். சாப்பாட்டுக்கு நடுவே வெளியே சறுக்குத் தட்டில் விளையாடலாம், உள்ளே கிட்டார் பாட்டு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் வண்டியில் உட்கார்ந்து குளிர்ந்து வருகிறவருக்கும், ஏறி வேர்த்து வருகிறவருக்கும் அந்த முதல் கிண்ணம் சூப் ஒன்றாக இருக்காது. முழங்கால் வலி, கர்ப்பம், கைக்குழந்தை என்று காரணம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள். நடக்க முடிகிறவர் இவ்வளவு தூரம் வந்து வண்டியில் போவது எனக்கு மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

பணமும் மிச்சமாக வேண்டும், காடும் வேண்டும் என்றால் பத்தாவது மலைப் படைப்பிரிவின் பெயரில் இயங்கும் குடில் வரிசை இருக்கிறது. முதல் இரண்டு குடில்கள் 1982-இல் வந்தவை. பனியை உருக்கித் தண்ணீர், எரிவாயு அடுப்பில் நாமே சமையல், படுக்கையும் அங்கேயே. ஆனால் இது ஒரு மைல் விவகாரமில்லை. பல மைல் ஏற்றம், வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும், பனிச்சரிவு அபாய அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. மேலே சொன்ன உணவகங்களோடு இதை ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

இனி மெனு. 10,800 அடியில் தண்ணீர் ஏறக்குறைய 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். உருளைக்கிழங்கும் பீன்ஸும் வேக நேரம் பிடிக்கும். அதனால் இந்த உயரத்தில் ஓவனில் சுடுவதையும் வாட்டுவதையும் நம்பலாம். நான் சூப்பை ஒருபோதும் விடுவதில்லை, கனமான இறைச்சியைப் பாதியோடு நிறுத்திக்கொள்வேன். இறங்க வேண்டிய கால் நம்முடையது.

எந்த மாதம் என்று கேட்டால், மார்ச். அந்த மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அதன்பின் சூரியன் மறைய ஏழு மணி ஆகிவிடும், ஏறும் வழி முழுக்க வெளிச்சம். பனிக்கும் அந்த உயரத்தில் குறைவிருக்காது. ஆனால் பகலில் இளகி இரவில் இறுகும் கூத்தும் மார்ச்சில்தான் அதிகம். அதனால் ஜனவரியில் ஸ்கீயில் போன வழிக்கு மார்ச்சில் ஸ்னோஷூவைக் கேட்டு வாங்குங்கள், அல்லது விளிம்பு வைத்த ஸ்கீ இருக்கிறதா என்று வாடகைக் கடையில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.