பேஸ்ட் வேக்ஸும் பாலிஷிங் மெஷினும்: மூன்று வருஷம் கழித்து

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில், கடலுக்கு ஒரு கிலோமீட்டர் கூட இல்லாத இடத்தில் வீடு. காரோ கருநீல ஸ்விஃப்ட், ஷெட் என்று சொல்வது வெறும் தகரக் கூரை. காலையில் பானட்டில் கை வைத்தால் பிசுபிசு என்று உப்பு ஒட்டும். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வேக்ஸ் போடுவது வழக்கம், முதல் ஒரு வருஷம் கையால், அப்புறம் மூன்று வருஷமாக டிஏ பாலிஷரில் (டூயல் ஆக்‌ஷன், சுழன்றபடியே சிறு வட்டமாக அசைந்தும் தேய்க்கும் மெஷின்).

பளபளப்பு கூடும் என்று நினைத்து மெஷின் வாங்காதீர்கள், எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கையால் போடும்போது ஒரு இடத்தில் அப்பியும் இன்னொரு இடத்தில் தொட்டும் தொடாமலும் போகும், அப்பிய இடத்தைத் துடைத்து எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். மெஷினில் பூச்சு ஒரே சீராக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி விழுகிறது, துடைப்பது சுலபம். முன்பு எட்டு தடவைக்கு வந்த 200 கிராம் டப்பா இப்போது இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது.

நான் செய்வது இதுதான். மிக மிருதுவான ஃபோம் பேட், ஆறு ஸ்பீடில் ஒன்று அல்லது இரண்டு, அழுத்தவே கூடாது, மெஷினின் எடையே போதும். பேடை டப்பாவுக்குள் விட்டுச் சுற்றுகிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். இந்த வேக்ஸில் இருக்கும் கார்னாபா என்பது பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையில் இருந்து எடுக்கும் மெழுகு, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் டப்பாவில் இருப்பது தனி மெழுகு இல்லையே, கரைப்பானும் எண்ணெயும் சேர்ந்த கலவை, ஏப்ரல் மாதம் மதியத்தில் வெண்ணெய் மாதிரி இளகிக் கிடக்கும், பேடை வைத்தால் அள்ளிக்கொண்டு வரும். இப்போது ஐஸ்கிரீம் குச்சியால் நிலக்கடலை அளவு எடுத்து பேடில் தேய்த்துவிட்டு, பானட்டில் நாலு இடத்தில் ஒற்றிய பிறகுதான் சுவிட்சைப் போடுகிறேன். பத்து நிமிஷம் கழித்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன், பளிச்சென்று கோடு வந்தால் துடைக்கலாம், மெழுகு இழுபட்டால் இன்னும் காயவில்லை. மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருப்பதால் இது அரை மணி நேரம் கூட ஆகும்.

முதல் தடவை மெஷினை எடுத்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் மதில் வழியாக எட்டிப்பார்த்து, "எலே மக்கா, காருக்கு மாவா அரைக்க?" என்றார். சத்தம் அப்படித்தான் இருக்கும். அதே அண்ணன் போன மாதம் தன் வண்டியையும் கொண்டு வந்து நிறுத்தினார், அது வேறு கதை.

இனி என் முட்டாள்தனம். இரண்டாவது வருஷம் பேட் கழன்று முற்றத்தில் விழுந்தது. தட்டிவிட்டு மறுபடியும் மாட்டினேன். எங்கள் ஊர் மண் எப்படிப்பட்டது என்று தெரியும்தானே, இல்மனைட்டும் கார்னெட்டும் சிர்கானும் கலந்த கருமணல், எடுத்து விற்கிற மண். டிரைவர் பக்கத்துக் கதவில் பிறை பிறையாகக் கோடுகள் விழுந்துவிட்டன, வெயிலில் நிறுத்தினால் இன்றும் தெரியும். வேக்ஸ் அதை மறைக்காது, பெயிண்டை லேசாகத் தேய்த்து எடுக்கும் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இப்போது கையில் எப்போதும் மூன்று பேட் இருக்கும், கீழே விழுந்தது அன்றைக்கு வாளிக்குத்தான் போகும்.

மெஷின் எட்டாத இடங்களும் நிறைய உண்டு. கைப்பிடிக் குழி, கண்ணாடியின் கீழ்ப்பக்கம், நம்பர் பிளேட் ஓரம் எல்லாம் கையால்தான். கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும், டேப் ஒட்டிவிடுங்கள்.

டப்பாவில் எழுதியிருக்கும் மாதக் கணக்கை நம்ப வேண்டாம். எனக்கு ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு, அதற்கப்புறம் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படர்ந்துவிடும். வருஷத்துக்கு இரண்டு தடவை போடுகிறவர்களுக்குக் கையும் ஒரு ஸ்பாஞ்சும் போதும், மெஷின் வீண் செலவு. எனக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்குவதற்குள் இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும், பேடுகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், காயட்டும்.