தள்ளிப்போட்ட வேலையெல்லாம் 555 புத்தகத்தில்: ஏழு மாத அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. உள்ளங்கையில் அடங்குகிற, அட்டையில் பெரிதாக 555 என்று போட்ட சின்ன நோட்டுதான். அரிசி, மைலோ, கருவாடு எல்லாம் மளிகைக்கடையில் அப்பா பேரில் அதில் ஏறும், சம்பளம் போட்டதும் கடைக்காரர் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். முழுசாகக் கட்ட முடியாத மாதத்தில் புதுப் பக்கத்தின் முதல் வரியிலேயே ‘பழைய பாக்கி’ என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த சாமானைக் கட்டிக் கொடுப்பார். அந்த ஒரு பழக்கத்துக்காகத்தான் இந்தப் புத்தகத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

நான் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மேலே அதிகாரி யாரும் இல்லை. அம்மா தோட்டத்தில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போன காலத்தில் எந்த நிரையில், அதாவது எந்த மர வரிசையில், பால் வெட்ட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும், கிளம்பிப் போனால் வேலை அங்கே காத்திருக்கும். எனக்கு நிரை பிரித்துக் கொடுக்க ஆள் கிடையாது, காலையில் மேசைக்கு வந்து எதிலிருந்து தொடங்குவது என்று யோசிக்கும்போதே கை போனுக்குப் போய்விடும், நிமிர்ந்து பார்த்தால் மணி பதினொன்று. போன வருடம் ஒரு ஒர்க்‌ஷாப் அண்ணனுடைய ஈபிஎஃப்பை இப்படித்தான் நாளைக்கு நாளைக்கு என்று விட்டேன். மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டிய ஊழியர் சேமநிதிப் பணம், தேதி தாண்டிவிட்டது, தாமதக் கட்டணம் வந்தது. கட்டணத்தை நான் கொடுத்துவிட்டேன். ஆனால் அவர், “பரவாயில்லை தம்பி, இனிமே பார்த்துக்க” என்று சொன்னது இன்னமும் மனதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு செயலி வாங்கினேன், மாதா மாதம் காசு. செயலியில் குறை ஒன்றுமில்லை, ஆனால் அது இருப்பது போனுக்குள்ளே. பட்டியலைப் பார்க்கத் திறந்தால் வாட்சாப் மேலே வந்து நிற்கிறது. அப்புறம் இணையத்தில் தடித்த அட்டை போட்ட ஒரு டைரி, அறுபது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி அச்சடித்திருந்ததால் நாலு நாள் எழுதாமல் விட்டால் நாலு வெள்ளைப் பக்கம் முறைத்துப் பார்க்கும், பிறகு திறக்கவே மனம் வராது.

555 புத்தகத்தை பஸ் ஸ்டேஷன் பக்கம் ஒரு எழுதுபொருள் கடையில் எண்பது சென்னுக்கு வாங்கினேன். தேதி இல்லை, வெறும் கோடுதான், விட்ட நாளைப் பற்றி அது ஒன்றும் கேட்காது. நான் பயன்படுத்துவது அந்தக் கடைக்காரர் மாதிரியேதான்: சாயங்காலம் மேசையை விட்டு எழுவதற்கு முன் நாளைக்கு உள்ள வேலையை எழுதுவேன், ஐந்து வரிக்கு மேல் போகமாட்டேன், முடிந்ததைக் கோடு போட்டு அடிப்பேன், முடியாததை அடுத்த பக்கத்தின் உச்சியில் ‘ப.பா.’ என்று போட்டு என் கையாலேயே திரும்ப எழுதுவேன். செயலியில் முடியாத வேலை தானாகவே அடுத்த நாளுக்கு நகர்ந்துவிடுகிறது, நமக்கு வலிப்பதில்லை. இங்கே ஒரே வரியை மூன்றாவது நாளும் எழுதும்போது கை நின்றுவிடும். அந்த இடத்தில்தான் உண்மை தெரியும்: அந்த வரி ஒரு வேலையே இல்லை, பெரிய மூட்டை.

என் புத்தகத்தில் ‘சலூன் அக்கா கணக்கு’ என்று மூன்று நாள் வந்தது. நான்காம் நாள் அதை அடித்துவிட்டு, ‘9.00, ஜன்னல் மேசை, பெட்ரோல் ரசீது மட்டும் ஜெராக்ஸ்’ என்று எழுதினேன். பெட்ரோல் நிலைய ரசீது வெப்பத்தாள் என்பதால் கொஞ்ச மாதத்தில் எழுத்து மங்கிவிடும், வருமான வரிக்கோ ஆவணங்களை 7 வருடம் வைத்திருக்க வேண்டும், அதனால் அந்தக் கட்டைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். ஜெராக்ஸ் மட்டும் என்றதும் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு மீதியும் நடந்தது, மத்தியானத்துக்குள் அந்த வருடத்துக் கட்டே பிரிந்துவிட்டது.

எங்கே, எப்போது, என்ன என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால் வேலை நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதியிருக்கிறார். ஃபூஷியா சிரோயிஸ், திமொத்தி பிச்சில் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2013-இல் எழுதியது எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது: தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவதை விட, அந்த வேலை தரும் கசப்பான உணர்விலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கப் பார்ப்பதால் வருவது என்கிறார்கள். மங்கின ரசீதுக் கட்டைக் கண்டு நான் ஓடியது அதேதான். சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்ட வருடங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, குறைகள். தாள் மெல்லிசு, ஜெல் பேனா மை பின்பக்கம் வரை இறங்கிவிடும், சாதாரண பால்பாய்ண்ட் பேனாதான் சரிப்படும். நடுவில் ஊசி அடித்த நோட்டு என்பதால் பேன்ட் பையிலேயே வைத்திருந்தால் ரெண்டு மூன்று வாரத்தில் அட்டை கழன்று வரும், நான் வாங்கின அன்றே முதுகில் செலோடேப் ஒட்டிவிடுகிறேன். மத்தியான மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு புத்தகம் முழுக்க ஊறிப் போயிருக்கிறது. பல மாதம் தள்ளி வரும் கெடுவை இது நினைவூட்டாது, வரி, ஈபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) தேதியெல்லாம் சுவரில் மாட்டிய காலண்டரில் சிவப்பு வட்டமாக இருக்கிறது. குழுவாக வேலை செய்பவர்களுக்கும் இது போதாது, அடுத்தவருக்கு உங்கள் பக்கம் தெரியாது.

தனியாக உட்கார்ந்து வேலை செய்பவர், போனைத் தொட்டால் திரும்பி வர முடியாதவர், இவர்கள் தயங்காமல் வாங்கலாம். மொத்தமாகப் பத்து வாங்கி அடுக்கி வைக்க வேண்டாம், முதலில் ஒன்றே ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் இப்போது மனதில் உறுத்திக்கொண்டிருக்கிற பழைய பாக்கியை எழுதுங்கள். நான் இப்போது ஆறாவது புத்தகத்தில் இருக்கிறேன். ஒர்க்‌ஷாப் அண்ணனுடைய இந்த மாத ஈபிஎஃப் 9-ஆம் தேதியே கட்டியாகிவிட்டது.