தெருமுனையில் நிற்க ஆளில்லாத வீட்டுக்கு ஒரு பல்பு

ஆற்காட்டில் தனியாக இருக்கும் தன் தாயாருக்கு ஆம்புலன்ஸுக்கு வீட்டை அடையாளம் காட்டும் இந்த மின்னும் பல்பை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். விலை நன்றாக இறங்கியிருக்கிறதாம். போனில் பதில் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே கோபம் வந்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இது ஒன்றரை ஆண்டாக இருக்கிறது. சாதாரண வாசல் விளக்காகத்தான் எரியும். சுவிட்சை இரண்டு முறை வேகமாக அணைத்துப் போட்டால் பளிச் பளிச்சென்று மின்னத் தொடங்கும். தேடி வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு வீட்டை அடையாளம் காட்டுவது மட்டும்தான் இதன் வேலை. இது யாரையும் அழைக்காது. 108-ஐ நாம்தான் அழைக்க வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறார்கள், நான் ஓசூரில். மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்த இரவு, நல்ல வேளையாக நான் ஊரில் இருந்தேன். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் சைரன் பக்கத்துத் தெருவில் கேட்கிறது, எங்கள் தெருவுக்குள் வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் இரண்டும் உண்டு. எதிர் வீட்டுச் சுவரில் பழையது மட்டும். பிள்ளையார் கோயில் பக்கம் என்று அடையாளம் சொன்னால், வேலூரில் எந்தத் தெருவில்தான் பிள்ளையார் கோயில் இல்லை? கடைசியில் நான் தெருமுனைக்கு ஓடி, கைபேசி வெளிச்சத்தை ஆட்டி வண்டியைக் கூட்டி வந்தேன்.

அம்மா தேறிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. தமிழ்நாட்டில் 2008-இல் 108 தொடங்கியதிலிருந்து வீட்டில் ஒருவர் தெருமுனைக்கு ஓடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. வயதான இருவர் மட்டும் இருக்கும் வீட்டில், ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவர் அவரை விட்டுவிட்டு எப்படி ஓடுவார்? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் வாங்கினேன்.

முதலில் போர்டிகோவில் மாட்டினேன். புங்க மரக் கிளை மறைத்தது. பிறகு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், மழை படாதபடி சிறிய தகரக் கூரை வைத்து மாட்டினோம். அங்கிருந்து தெருமுனை வரை தெரிகிறது. எந்த சுவிட்ச் என்று இருட்டில் குழம்பாமலிருக்க, அம்மா அதன்மேல் பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்தார்.

இனி என் கோபம். சுவிட்சை இரண்டு முறை அணைத்துப் போட்டால் மின்னும் என்றேன் அல்லவா? மின்தடை முடிந்து எங்கள் தெருவுக்குக் கரண்ட் எப்படி வரும்? வரும், போகும், வரும், போகும், பிறகுதான் நிற்கும். அணைத்தது அம்மாவின் விரலா மின்தடையா என்று அந்த பல்புக்குத் தெரியாது. உடனே மின்னத் தொடங்கிவிடும். முதல் கோடையில் மட்டும் மூன்று முறை, நள்ளிரவில், வீட்டில் இருவரும் அயர்ந்து தூங்கும்போது மின்னியது. மூன்று முறையும் எதிர் வீட்டு மாமா கதவைத் தட்டினார். மூன்றாவது முறை பனியனோடு, செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருக்கிறார். அவருக்கே 70 வயது.

அவர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அம்மாதான் கூசிப்போனார். அன்றிலிருந்து படுக்கும் முன் அந்த சுவிட்சை அணைத்துவிடுவார். வாசலே இருட்டு. பாதுகாப்புக்கு வாங்கிய விளக்கு இரவெல்லாம் அணைந்து கிடந்தது.

எலக்ட்ரீஷியன் அதை இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றினார். இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலையில் வைத்தால் பேட்டரிக்கு மாறுவது கண் இமைக்கும் நேரம்தான், பல்பு அதை உணராது என்றார். உண்மைதான். ஆனால் அந்த நிலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறிவிடும். அக்கினி நட்சத்திரத்தில், தெருவெல்லாம் ஏசி ஓடும் மாலையில், எங்கள் இன்வெர்ட்டர் ஓயாமல் மாறி மாறி விழுகிறது. பல்பு அமைதியாயிற்று, பேட்டரி தேய்கிறது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் மொட்டைமாடியில் இருந்த முதல் பல்பும் பதினோராவது மாதத்தில் செத்தது. எல்இடி பல்புக்குள் இருக்கும் மின்சுற்றுக்குச் சூடு ஆகாது. இப்போது எரிவது இரண்டாவது.

இரண்டாவதை ஏன் வாங்கினேன் என்றும் சொல்ல வேண்டும். ஐப்பசியில் ஒரு நாள் அதிகாலை இரண்டரை மணிக்கு அப்பா குளியலறை வாசலில் சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது, இடது கை தூக்க வரவில்லை. அம்மா 108-ஐ அழைத்தார், பொட்டைத் தடவிப் பார்த்து சுவிட்சை இரண்டு முறை அணைத்துப் போட்டார், அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டுக்குக்கூடப் போகவில்லை. வண்டி சர்வீஸ் சாலையிலிருந்து திரும்பியதுமே விளக்கைப் பார்த்துவிட்டதாக ஓட்டுநர் சொன்னாராம். வழி கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. எதிர் வீட்டு மாமா அதற்கு முன்பே வந்து கேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று மருத்துவ உதவியாளர் கேட்டதற்கு, இரண்டு மணிக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்று அம்மாவால் சொல்ல முடிந்தது. வந்தது பக்கவாதம். மூளை ரத்தக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் மருந்தை, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பு ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எல்லாம் அந்த நேரத்துக்குள் முடிந்தது. அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார், தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். ஆற்காட்டு வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை. எதிரில் காலி மனை, ஓடி வர யாரும் இல்லை. வைகாசித் திருவிழாவுக்குத் தெரு முழுக்க சீரியல் விளக்கு போட்டால் எது மின்னுகிறது என்றே தெரியாது. பெட்டியின் மேல் மின்தடையைப் பற்றி ஒரு வரி அச்சிடாதவர்களுக்கு, விலை குறைந்தது என்பதற்காக நான் ஆள் சேர்க்க மாட்டேன். முதலில் வாசல் சுவரில் வீட்டு எண்ணை ஒரு சாண் உயரத்துக்கு எழுதி, அதன்மேல் விளக்கு வெளிச்சம் விழும்படி செய்யட்டும்.

எங்கள் வீட்டில் இருப்பதை நான் கழற்றப் போவதில்லை.