மட்டப்பா வேலையும் கான்ட்ராக்டர் போட்டுத் தந்த கடனும்

வேலைக்கு ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுப்பேன். கடன் ஏற்பாட்டுக்கு ஒன்றுகூடக் கொடுக்க மனசு வரவில்லை. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, ஆனால் "கையில பணம் இல்லாட்டாலும் பரவாயில்ல, லோன் நாங்களே போட்டுத் தாரோம்" என்று யார் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் இதை ஒருமுறை படித்துவிட்டுப் பேசுங்கள்.

எங்களுடையது திருநெல்வேலி டவுனில் தார்சா (முன்கூடம்) வைத்த பழைய வீடு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் மட்டப்பாவில், அதாவது மொட்டை மாடியில், பதித்த தட்டோட்டு இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி அடுக்களைச் சுவர் முழுக்க ஓதம் பிடித்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் வாளி வைத்தே ஓட்டினோம். 2025 பிப்ரவரியில் இந்தக் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். மட்டப்பாவில் தட்டோட்டைப் பெயர்த்து வாட்டர் ப்ரூஃபிங், சுவருக்கு மறுபூச்சு, குளியலறைக்கு டைல்ஸ், மொத்தம் 3 லட்சம், 25 நாளில் முடியும் என்றார்.

அவ்வளவு பணம் கையில் இல்லை என்றதும், "அக்கா, நீங்க பேங்குக்கு அலையவே வேண்டாம், ஆதாரும் பான் கார்டும் குடுங்க, பன்னிரண்டு பெர்சன்ட்தான்" என்றார். தார்சாவில் உட்கார்ந்து அவர் போனிலேயே ஒரு கடன் ஆப்பில் எல்லாவற்றையும் நிரப்பினார், என் போனுக்கு ஓடிபி வர வர நான் வாசித்துச் சொன்னேன், அத்தை கொண்டுவந்து வைத்த காப்பி ஆறுவதற்குள் கடன் பாஸாகிவிட்டது. அன்று சாயங்காலமே பணம் நேராக அவர் கணக்குக்குப் போய்விட்டது. ஒரு செங்கல்கூட இறங்கவில்லை, எனக்கு மாதத் தவணை 11,333 ரூபாய், 36 மாதம் என்று மெசேஜ் வந்தது.

மறுநாள் வந்து, "லோன்ல பிடித்தம் போக 2,85,420தான் வந்திருக்கு, மிச்சம் 14,580 நீங்க தரணும்" என்றார். என்ன பிடித்தம் என்று கேட்டால் பிராசஸிங் கட்டணம் 6,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அப்புறம் நான் கேட்கவே கேட்காத ஒரு இன்சூரன்ஸ் 7,500. அப்போதுதான் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, பக்கத்துத் தெருவில் இருக்கிற அண்ணாச்சியிடம் போனைக் காட்டினேன். அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். பன்னிரண்டு சதவீதம் என்றது பிளாட் ரேட். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு 3 லட்சத்துக்கும் வட்டி போடுவது. மூன்று வருஷத்துக்கு வட்டி 1,08,000. குறைகிற அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது 21 சதவீதத்துக்கும் மேல், அந்தப் பிடித்தங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 25. பன்னிரண்டு என்று சொல்லித்தான் என்னிடம் ஓடிபி வாங்கினார்கள், இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இந்த 25 சதவீதத்தைக் கடன் வாங்கும் முன்பே எனக்குக் காட்டியிருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்கள் எல்லாவற்றுக்கும் எல்லாச் செலவும் சேர்ந்த வருடாந்திர விகிதத்தோடு முக்கிய விவர அறிக்கை ஒன்று தர வேண்டும், அதுவும் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில், என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எனக்கு வந்ததோ எல்லாம் முடிந்த பிறகு மெயிலில் ஒரு இங்கிலீஷ் பிடிஎஃப். ஆப் வழியாக வாங்கும் கடனை ஆரம்ப நாட்களிலேயே அபராதம் இல்லாமல் திருப்பிக் கட்டி விலகலாம் என்றும் விதி உண்டு. சரி, எதை வைத்துத் திருப்பிக் கட்ட? பணம்தான் கான்ட்ராக்டரிடம் இருக்கிறதே. ஆப் கடன் பொதுவாக நம் கணக்குக்குத்தான் வர வேண்டும், ஆனால் குறிப்பிட்ட செலவுக்கான கடன் என்றால் செய்து தருபவர் கணக்குக்கே நேராகப் போகலாம். இவர்கள் நுழைவது அந்த வழியாகத்தான்.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுவர் பூச்சு நன்றாகவே இருக்கிறது, அந்தக் கொத்தனார் பொறுமையான மனுஷன். ஆனால் முழுப் பணமும் வந்துவிட்டதால் கான்ட்ராக்டருக்கு எங்கள் வீட்டில் ஒரு அவசரமும் இல்லை. 25 நாள் என்றது ஆனித் தேரோட்டம் வரை இழுத்தது, சொந்தக்காரர்கள் வந்து இறங்கியபோது குளியலறையில் டைல்ஸ் பாதிச் சுவரோடு நின்றது. போன் போட்டால், "சங்கரன்கோவில் பக்கம் ஒரு வேலை, முடிச்சுட்டு வாரேன்க்கா". அக்டோபரில் முதல் மழைக்கு மறுநாள் மட்டப்பாவில் ஏறிப் பார்த்தேன். மூலையில் வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு கொப்பளம் மாதிரி எழும்பியிருந்தது, விரலால் இழுத்தால் வாழைச்சருகு போல ஒரு முழத்துக்கு உரிந்து கையோடு வருகிறது, அடியில் தூசியைக்கூடக் கூட்டாமல் அடித்திருக்கிறார்கள்.

வேலை முடியாமல் தவணை கட்ட மாட்டேன் என்று கடன் கம்பெனிக்குப் போன் செய்தேன். "அது உங்களுக்கும் கான்ட்ராக்டருக்கும் உள்ள பிரச்சினை மேடம்" என்றார்கள். தவணையை நிறுத்தினால் சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும், எழுத்தில் புகார் கொடு என்று அண்ணாச்சி சொன்னதால் அவர்களின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டேன். இன்சூரன்ஸ் பணம் 7,500 மட்டும் திரும்ப வந்தது. மற்றதற்கு 30 நாள் ஆகியும் சரியான பதில் இல்லை, அதனால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு அவர்களின் இணையதளத்தில் புகார் பதிந்திருக்கிறேன், 14448 என்ற எண்ணில் விவரம் சொல்கிறார்கள். கான்ட்ராக்டர் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. மட்டப்பா போட்டோ, வாட்ஸ்அப் பேச்சு, கொட்டேஷன் தாள் மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கொட்டேஷனில் தேதியும் கையெழுத்தும் வாங்கியிருந்தது இப்போது பெரிய உதவி.

குளியலறையில் மிச்ச டைல்ஸை இந்த வாரம் மேலப்பாளையத்திலிருந்து ஒரு கொத்தனாரும் ஒரு கையாளும் வந்து ஒட்டுகிறார்கள். தினக்கூலிதான், சாயங்காலம் வேலையைப் பார்த்துவிட்டுக் கையில் காசு கொடுக்கிறேன். நாளையோடு முடிந்துவிடும்.