குட்டி ஓவியத்த ஊர்ல எல்லாருக்கும் கொண்டுபோக விக்கிற மெஷினா, சும்மா எடுத்துக்கிற பெட்டியா?
மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் டவுனுக்கு எது செட் ஆகும்?

மெஷின்னா ஆர்ட்-ஓ-மேட் மாதிரி. 1997ல அமெரிக்காவுல வின்ஸ்டன்-சேலம் ஊர்ல கிளார்க் விட்டிங்டன்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் காசு போட்டா சிகரெட் தர்ற பழைய மெஷினை மாத்தி தன்னோட போட்டோவ 1 டாலருக்கு வித்தாரு, இப்போ நிறைய ஊர்ல நிக்குது, சிகரெட் டப்பா சைஸ்ல எதுனாலும் உள்ள போகும். வரைஞ்சவங்க கைக்கு காசு வருது, அது ரொம்ப முக்கியம்லா. ஆனா இங்க 1 வெள்ளி (ரிங்கிட்) காசையே 2005ல நிறுத்திட்டாங்க, அதனால டோக்கன் அடிக்கணும், கரண்ட் இல்லாத மெஷினா இருந்தாலும் நம்ம மழைக்கு துரு பிடிக்கும், ரிப்பேர் பண்ண ஆளு தேடணும்.

பெட்டி வேற மாதிரி. 2020 கடைசியில சியாட்டல்ல ஒருத்தவங்க வீட்டு முன்னாடி குட்டி கேலரி வச்சாங்க, பிடிச்சத எடுத்துக்கலாம், நம்ம படத்தையும் வைக்கலாம், காசே இல்ல. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. ரப்பர் கொட்டை மேல வெள்ளை பெயிண்ட்ல மயில் வரையுற பிள்ளை, பழைய காலண்டர் அட்டையில கோலம் போடுற பாட்டி, ரெண்டு பேருமே யாரையும் கேக்காம கொண்டுவந்து வைக்கலாம். ஈரத்துக்கு மட்டும் கண்ணாடிக் கதவும் சிலிக்கா ஜெல்லும் போடணும். சாப்பாட்டுக்கடை வாசல்ல முதல்ல பெட்டி வைப்போம், விக்கிற அளவுக்கு ஆளு சேர்ந்தா மெஷின் வாங்கலாம்.