கேலிச்சித்திரம் பழக: பயிற்சி நூலா, குறிப்பேடா?

கேலிச்சித்திரம் வரைய விரும்பும் பலர், பயிற்சி நூல் வாங்குவதா, கண்ணில் படுவதை வரையக் குறிப்பேட்டோடு தெருவில் இறங்குவதா என்று தயங்குகிறார்கள்.

செலவு: நூலுக்குச் சில நூறு ரூபாய் ஆகும், குறிப்பேடும் மென்மையான 2பி பென்சிலும் மலிவு.

எளிமை: இதில் நூலே முந்துகிறது. முட்டை வடிவில் தலை, குறுக்கே கண்கோடு, நெடுக்கே மூக்குக்கோடு என்று படிப்படியாகக் காட்டுவதால், பக்கவாட்டில் திரும்பும் முகம் விரைவில் கைவசப்படும். குறிப்பேட்டில் இதற்குப் பொறுமை வேண்டும்.

நிலைத்த பயன்: நூலை மட்டும் நம்பினால், எல்லா முகங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலாகிவிடும் என்பதே என் கவலை. நிறைகுடத்தை இடுப்பில் வைத்த பெண்ணின் உடல் எதிர்ப்பக்கம் சாய்வதையும், மறுகை விலகி நீள்வதையும் நேரில் பார்த்துப் பத்து முறை வரைந்தவருக்கே எடையைக் கோட்டில் கொண்டுவரத் தெரியும். 'சாமானிய மனிதர்' என்ற பாத்திரத்தைப் படைத்த கேலிச்சித்திரக் கலைஞர் ஆர்.கே. லட்சுமண், சிறுவயதிலிருந்தே காகங்களை விடாமல் கவனித்து வரைந்தவர். அவருடைய காகங்களில் ஒன்றுபோல் மற்றொன்று நிற்பதில்லை.

அடிப்படையே தெரியாதவருக்கு முதல் சில மாதங்கள் நூல் பொருந்தும். கோடு ஓரளவு படிந்தவரும், அரசியல் கேலிச்சித்திரத்தில் இறங்க நினைப்பவரும் குறிப்பேட்டையே தேர்ந்தெடுக்கலாம்.